படூர்ச் சங்கற்பம்

படூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர், வருஷந்தோறும் ஜனவரி முதல் தேதியன்று மகத்தானதொரு சங்கற்பம் செய்துகொள்வது வழக்கம். இவ்வருஷம், பழைய மகாபலிபுரம் சாலை வழியே மாமல்லபுரம் வரை ஓடியே தீர்வதென்று பிரதிக்ஞை பூண்டு, அதற்கென வாங்கிய உயர்ந்த ரகக் காலணிகளை, உள்ளிருக்கும் மெல்லிய காகிதம்கூடக் கசங்காமல், பெட்டியோடு பரணில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

எதிர்ச்சாரித் தேநீர்க் கடைக்காரருக்கோ லட்சியம் என்று ஒன்றுமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பால் காய்ச்சுகிறார், அவ்வளவுதான். கேளம்பாக்கத்து உப்பளத்தாரும் கோடைதோறும் பாத்தி பாத்தியாக உப்பு வாருகிறார்களேயன்றி, சமுத்திரம் முழுவதையும் உப்பாக்கிவிடுவதென்று தீர்மானம் நிறைவேற்றியதாகக் கேள்வியில்லை.

இதைச் சாடையாகச் சொன்னபோது நண்பர் சிரித்தார். "பல்லவர் ரதங்களே 1,300 வருஷமாக அரைகுறையாகத்தானே ஸார் நிற்கின்றன? அதற்கு 1984-இல் யுனெஸ்கோ அந்தஸ்தே கொடுத்துவிட்டதே!"

சிகரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கிவந்த அந்தச் சிற்பியின் உளி, பீடத்தை முடிக்கவில்லையாயினும் பாறையையாவது தொட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்; அதற்குள் அவர் அடுத்த வருஷத்துச் சங்கற்பத்துக்குப் போய்விட்டார். கோவளம் கடலில் நீச்சலாம். கண்ணாடி வாங்கியாயிற்று.