பீப்பாய்ப் புகையடுப்பு: மூலப்பொருள் ஆராய்ச்சிக்கு ஒரு பாயிரம்

பீப்பாய்ப் புகையடுப்பு என்பது 55 காலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர், கொள்ளும் எஃகு டிரம்மின் அடியில் கரியும் மேலே கறியும் வைத்து, 107 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காகப் புகையூட்டும் அமெரிக்கக் கொல்லைப்புறக் கருவி. கரிக்கும் கறிக்கும் நடுவே 24 அங்குலம் விடுவது மரபு. இதன் உறுப்புகள் டிரம், மூடி, காற்றுவழி, கரிக்கூடை, வெப்பமானி, கைப்பிடி, விறகு என ஏழு என்பர் ஒரு சாரார். கைப்பிடி மூடியுள் அடங்கும், ஆகவே ஆறே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் ஒரே கருத்தரங்குக்கு அழைப்பதில்லை.

டிரம்மின் குலவரலாற்றில் ஐயமில்லை. புரூக்ளினைச் சேர்ந்த ஹென்றி வேர்ஹான் 1905 டிசம்பரில் எஃகுப் பீப்பாய்க்குக் காப்புரிமை பெற்று, தாம் வேலைபார்த்த அயர்ன் கிளாட் நிறுவனத்தின் தலைவி நெல்லி பிளைக்கு அதை எழுதிவைத்தார். 72 நாளில் உலகைச் சுற்றிவந்த பத்திரிகையாளர் அந்த அம்மையாரே. பீப்பாய் ஆய்வாளர்கள் பலர் இந்த இடத்தில் அவருடனேயே கப்பலேறிவிடுவதால், பீப்பாய்க்குத் திரும்புவதற்குள் பக்க வரம்பு முடிந்துவிடுகிறது.

அதனினும் சிக்கலானது டிரம்மின் பூர்வாசிரமம். அடுப்பாவதற்கு முன் அதற்குள் என்ன இருந்தது என்பதே இத்துறையின் தலையாய வினா. பழச்சாறு, தேன், சமையல் எண்ணெய் இருந்தவை கொள்ளத்தக்கன. பூச்சிமருந்தும் தொழிற்சாலை ரசாயனமும் இருந்தவை எத்தனை முறை எரித்தாலும் தள்ளத்தக்கன. எளிதில் தீப்பற்றும் திரவம் இருந்த டிரம்மில் துளையிடும்போது எஞ்சிய ஆவி வெடிக்கக்கூடும். அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லாத இடம் இது ஒன்றுதான். மாறுபட்டவர்கள் மறுப்புரை எழுத மிஞ்சவில்லை போலும்.

“தேன்தான் இருந்தது” என்பது காயலாங்கடைக்காரர் கூற்று (வாய்மொழி). இதற்கு ஆதாரம் அவருடைய மைத்துனர் (வாய்மொழி, தொலைபேசி வழி). மைத்துனருக்கு ஆதாரம் அவர் லாரியின் முன்னிருக்கையில் கிடந்த ரசீது (பின்பக்கம், காபிக் கறைக்குக் கீழ், மூன்றாம் வரி, பென்சில்). அந்த ரசீதில் ‘கடைக்காரர் சொன்னபடி தேன்’ என்றிருப்பதாகத் தெரிகிறது. இவ்வாறு ஒருவருக்கொருவர் சான்றாக நிற்கும் முறையைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகவே பின்பற்றிவருவதால், இதைக் குறை சொல்வதற்கில்லை.

டிரம்மின் மேல் ஒட்டிய சீட்டு சிதைந்திருக்கும்போது ஆய்வு இன்னும் சுவைபடுகிறது. ‘ஏற்றதல்ல’ என்பது மட்டும் மிஞ்சி, எதற்கு என்ற பகுதி கிழிந்துபோன சீட்டு ஒன்றைக் கொள்வோம். ‘மனிதர் உண்பதற்கு’ என்று பாடம் கொள்வர் பழைய உரைகாரர். ‘மறுபடி நிரப்புவதற்கு’ என்பது புதிய பாடம். இதைக் கொண்டவர் அதற்குள் டிரம்மை வாங்கிவிட்டவர் என்பதைப் பழைய உரைகாரர் நாகரிகம் கருதிக் குறிப்பிடுவதில்லை. கிழிந்த இடத்தில் ஐந்தாறு எழுத்துக்கே இடமுண்டு என்று அளந்து காட்டியவர் பட்டம் பெற்றார். மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாமே என்றவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. மூக்குக்கு அடிக்குறிப்பு கிடையாது. உண்மையில் மூக்கும் போதாது. பூர்விகம் உறுதிப்படாத டிரம்மை அங்கேயே விட்டுவிட்டு வருவதே முறை.

நல்ல டிரம்மாயினும் உள்ளே பூச்சு இருக்கக்கூடும். செம்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் அந்த ரெசின் பூச்சை விறகுத் தீ மூட்டி எரித்து, கம்பி பிரஷ் பூட்டிய கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, சமையல் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். பூச்சில்லாத புது டிரம் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அதில் ஆராய ஒன்றுமில்லை.

மூடிக்கு வெபர் கெட்டில் அடுப்பின் 22 அங்குல மூடியே புகழ்பெற்றது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் தாம் வேலைபார்த்த சிகாகோப் பட்டறையில் உலோக மிதவையைக் குறுக்காக வெட்டிச் செய்த அடுப்பின் வழித்தோன்றல் அது. சில டிரம்களில் சொல்லிவைத்தாற்போல் உட்காரும். சிலவற்றில் விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பொருத்த வேண்டியிருக்கும். இவ்வேறுபாட்டுக்கு ‘வட்டாரப் பாடபேதம்’ என்று பெயரிட்டவுடன் அது தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

காற்றுவழிக்கு அடிப்பாகத்தில் முக்கால் அங்குலத் துளைகள் மூன்றோ நான்கோ போதும். ஒன்றில் குழாய்க் கடையில் கிடைக்கும் பால் வால்வைப் பூட்டி, மற்றவற்றை மூடி போட்டு அடைத்துவிட்டால், அந்த ஒரு வால்வின் திருகலிலேயே சூடு ஏறி இறங்கும். உள்ளே போகும் காற்றின் அளவுக்குத்தான் கரி எரியும்.

கரிக்கூடைக்குக் கனமான இரும்பு வலைத்தகடு வேண்டும். நாக முலாம் பூசியது கூடாது. நாகம் 419 டிகிரியிலேயே உருகும். கனன்ற கரி அதைத் தாண்டிவிடும். நாகத்திலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் வரும் காய்ச்சல் வெல்டிங் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து 100 டிகிரி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே நல்ல வெப்பமானியைப் பழுதென்று தூக்கியெறிவது புலமைக்கு அடையாளம்.

கைப்பிடி: பழைய கதவுடையது போதும்.

விறகில் பைன் முதலிய பிசின் மரங்களும், சாயம் பூசிய பலகையும், மருந்தேற்றிய மரமும் விலக்கு. மத்திய டெக்சாஸ்காரர் போஸ்ட் ஓக் என்பர், வட கரோலினாவினர் ஹிக்கரி என்பர். மெஸ்கீட் காரம் மிகுந்தது. நீண்ட நேரப் புகைக்கு அடக்கமாகவே இடவேண்டும். எது சிறந்தது என்பதை ஒருவர் பிறந்த கவுண்டியே தீர்மானிப்பதால், வெளியூர்க்காரர் ஆப்பிள் மரத்துண்டுகளை மூட்டையாக வாங்கிக்கொண்டு வாதத்தில் கலவாதிருக்கலாம்.