பாணாற்றுப்படை: கல்முனை ஒழுங்கைகளில் பேத்தோவன்

ஆற்றுப்படை என்றால் என்னவென்று ஓ.எல். தமிழ் படித்தவர்களுக்கு லேசில் மறக்காது. வள்ளலிடம் பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், வழியில் பசியோடு வரும் இன்னொரு பாணனை மறித்து, இன்ன வழியால் போ, இன்னார் இருக்கிறார், வயிறு நிறையும் என்று சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்றும் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்றும் உண்டு. சிறுபாண், பெரும்பாண் என்ற பிரிவுக்கு அவரவர் கையிலிருந்த யாழின் அளவைக் காரணமாகச் சொல்வார்கள். கல்முனையில் வளர்ந்த ஆய்வாளனுக்கு யாழ்வரை போகத் தேவையில்லை. சிறுபாண் அரை றாத்தல், பெரும்பாண் ஒரு றாத்தல்.

சிரிக்க வேண்டாம். பழந்தமிழில் 'பாண்' என்றால் பாட்டு. பாட்டையே தொழிலாகக் கொண்ட குடிக்கும் அதுவே பெயர். அடுப்படியில் நாம் சொல்லும் பாண், போர்த்துக்கேயர் இந்தக் கரைகளில் இறக்கிவிட்டுப் போன சொல். அதைச் சுடுகின்ற போறணையும் அவர்களுடையதுதான். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இந்த இரண்டு பாணும், நூற்றாண்டுகள் தனித்தனியாக நடந்து, கடைசியில் ஒரே ஆட்டோவில் ஏறிக்கொண்டன. பாட்டுப் பாடிக்கொண்டே பாண் விற்கும் அந்த வாகனத்துக்குச் சூன் பாண் என்று பெயர். 'டியூன்' என்ற ஆங்கிலச் சொல் சிங்கள வாயில் 'சூன்' ஆகி, அங்கிருந்து நமக்கு வந்தது. ஆக, சூன் பாண் என்றால் பாட்டுப் பாட்டு என்றும் பொருள் கொள்ளலாம். இக்கட்டுரையின் துணிபு இதுதான்: சங்ககாலத்தோடு அழிந்துபோனதாகக் கருதப்படும் பாணர் குடி, காலையும் மாலையும் கல்முனைக்குடி ஒழுங்கைகளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் திரிகிறது. ஒரே வித்தியாசம், முன்னையவன் வெறும் வயிற்றோடு வள்ளலைத் தேடிப் போனான். இப்போதையவன் உணவோடு வருகிறான், வள்ளல்கள்தான் கடப்படிக்கு ஓடி வருகிறார்கள்.

இந்தத் துணிபை மறுக்க எனக்கு மேற்பார்வையாளர் யாரும் இல்லை. ஆய்வின் பலமே அதுதான்.

முதலில் ஆய்வுப் பொருளைக் கிட்ட நின்று பார்ப்போம். சாதாரண மூன்று சில்லு ஆட்டோ. பின் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிப் பெட்டி. காலையில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருக்கும். உள்ளே இருப்பது பாணா, பட்டர் கேக்கா என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். மேல்தட்டில் பணிஸ் வகைகள். கிம்புலா பணிஸின் முதுகிலிருந்து உதிர்ந்த சீனி தட்டின் மூலையில் ஒதுங்கிக் கிடக்க, எங்கிருந்தோ ஏறிய ஒரு தேனீ அங்கேயே குடித்தனம் நடத்தும். பாண் காக்கா இறங்கி, சொப்பின் பையை உள்வெளியாகப் புரட்டிக் கைக்கு மாட்டி, அதே கையால் பாணைப் பிடித்து, பையை மறுபடி புரட்டி நீட்டுவார். பாண் பைக்குள் போய்விடும், விரல் பாணில் படாது. இந்த வித்தையைச் செய்து பார்க்க முயன்று நான் இரண்டு முறை பாணை மண்ணில் போட்டிருக்கிறேன்.

"மீன் பணிஸ் நேத்தயா காக்கா?"

"இல்ல ராத்தா, இப்பதான் போறணையால எடுத்த."

இந்தக் கேள்விக்கு இதைத் தவிர வேறு பதிலை இந்தக் கரையில் எவரும் கேட்டதில்லை.

இனி ஓசைக்கு வருவோம். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் ஓசை என்பது நம் ஊரின் பழைய ஒழுங்கு. மீன்காரருக்கு றப்பர்ப் பந்து வைத்த ஹோர்ன், பம்பாய் முட்டாய்க்கு மணி. பாண்காரர் அன்று சைக்கிளில் பலகைப் பெட்டி கட்டிக்கொண்டு தன் தொண்டையை நம்பி வந்தார். அந்தத் தொண்டையின் இடத்தைத்தான் பேத்தோவன் பிடித்தார்.

ஆம், பேத்தோவன். ஒழுங்கையில் கேட்பது 'எலிஸுக்காக' என்ற சின்னப் பியானோத் துண்டின் தொடக்கம். 1810இல், காது மந்தமாகிக்கொண்டே போன காலத்தில், அவர் அதை எழுதினார். உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1827இல் அவர் மௌத்தாகி நாற்பது வருடம் கழித்து, லுட்விக் நோல் என்பவர் 1867இல் அதை வெளியிட்டார். அவர் பார்த்துப் பிரதி செய்த மூலத்தாள் பிறகு தொலைந்துவிட்டது. எலிஸ் என்பவள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. தெரேஸ் என்று எழுதியிருந்ததை நோல் எலிஸ் என்று பிழையாக வாசித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. எலிசபெத் என்ற பாடகிதான் எலிஸ் என்பது இன்னொரு கட்சி. எங்கள் ஒழுங்கையில் இந்தப் பிணக்குக்கே இடமில்லை. பாட்டுக் கேட்டதும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முதல் ஆளாக யார் வெளியே வருகிறாரோ, அவருக்காகத்தான் அது வாசிக்கப்படுகிறது.

இசையாய்வுக்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். மறைந்த தமிழிசையின் பண்களைக் கணக்குப் போட்டு மீட்க வருடக்கணக்கில் உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, அதே வருடம் கண்மூடினார். பண்ணுக்கு ஒரு துணைக்கால் போட்டால் பாண். இத்தனை கிட்ட இருந்தும் அவர் காலத்தில் சூன் பாண் இல்லாமல் போனது தமிழாய்வின் துரதிர்ஷ்டம். அவர் செய்யாததை, அவர் ஊர்க்காரரான சங்கீதம் படித்த கூட்டாளி ஒருவரைக் கொண்டு நான் செய்வித்தேன். ஸட்சத்தைச் சரியான இடத்தில் வைத்தால் முதல் ஒன்பது சுரமும் ப ம ப ம ப ரி ம க ஸ என்று வரும். முதலில் வரும் இரண்டு 'ம'வும் பிரதி மத்திமம். கடைசி 'ம' சுத்த மத்திமம். எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் எதுவும் இரண்டு மத்திமத்தையும் ஒருசேர வீட்டுக்குள் விடாது. கூட்டாளி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதற்கு ராகம் கிடையாது, பாண்தான் உண்டு" என்றார். இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

வியன்னாவில் எழுதியது கல்முனைக்கு எப்படி வந்தது? இங்கேதான் ஆய்வு தாய்வானுக்குப் பாய்கிறது. அங்குள்ள யூஎம்சி நிறுவனம் யூஎம்66 என்று ஒரு சில்லுத் தொடரைச் செய்தது. பார்த்தால் சாதாரண டிரான்சிஸ்டர், மூன்று கால், கறுப்புத் தலை, சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிது. ஒன்றரை வோல்ட் கொடுத்தால் பாடும். பெரும்பாலும் ஒரு சில்லுக்கு ஒரு பாட்டு. பிறந்தநாள் பாட்டுக்கு ஓர் இலக்கம், 'எலிஸுக்காக' பாட்டுக்கு 19ஆம் இலக்கம். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, கதவு மணி, விளையாட்டுச் சாமான், பின்னால் எடுக்கும்போது பாடும் வேன் என்று இந்தச் சாதிச் சில்லுகள் போகாத இடமில்லை. பெரிய மகளுக்கு வந்த வாழ்த்து அட்டை ஒன்றை ஆய்வின் பொருட்டு நான் பிளேட்டால் கீறிப் பார்த்தேன். பொத்தான் பற்றரி ஒன்று, தகட்டு ஒலிபெருக்கி ஒன்று, நடுவில் கறுப்புத் துளி ஒன்று. இவ்வளவுதான் பேத்தோவன். அட்டை மறுபடி பாடவில்லை, மகள் மூன்று நாள் பேசவில்லை.

அந்தச் சில்லில் 64 சுரங்களுக்குத்தான் இடம். அதற்கு மேல் பேத்தோவன் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே போகாது. தொடக்கத்தைப் பாடி முடித்ததும் மறுபடி தொடக்கத்துக்கே வரும். இன்று வண்டிகளில் பென் டிரைவும் ஆம்பிளிபயரும் வந்துவிட்டன. அதில் முழுப் பாட்டையும் நூறு தரம் ஏற்றலாம். ஆனால் ஒருவரும் ஏற்றவில்லை. சில்லின் வறுமை, சில்லு போன பிறகும் மரபாகத் தொடர்கிறது. பாட்டின் நடுப்பகுதி வேறு கட்டைக்கு மாறிக் கொஞ்சம் துள்ளும் என்பதைக் கல்முனை அறியாது.

தாய்வான்காரர் தாங்கள் சில்லில் அடைத்த பாட்டை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு. அங்கே மஞ்சள் லொறி ஒன்று தெருத்தெருவாக இதே 'எலிஸுக்காக'வைப் பாடிக்கொண்டு வரும். சனங்கள் பை பையாக எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அது குப்பை லொறி. குப்பை நிலத்தில் படக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே லொறி வரும்வரை பையைக் கையில் வைத்துக் காத்திருந்து நேரே அதற்குள் எறிய வேண்டும். தாய்ப்பே நகரத்து ஆள் ஒருவர் கல்முனைக்குடியில் விடிய எழும்பினால், பாட்டுக் கேட்டதும் குப்பைப் பையோடு வெளியே ஓடி வருவார். பாண் காக்காவின் கண்ணாடிப் பெட்டிக்கு அல்லாஹ்தான் காவல்.

எங்கள் மூத்தம்மாவுக்குச் 'சூன் பாண்' என்ற சொல் முதலில் சூனியப் பாண் என்றே விழுந்தது. கொஞ்ச நாள் அந்த வண்டியில் ஒன்றும் வாங்க விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு மந்திரம் ஆளைப் பாயோடு ஒட்ட வைக்கும் என்பார்கள். சுபஹு தொழுதுவிட்டு மறுபடி சரிந்தவனைப் பாயிலிருந்து பிரித்து எடுக்க இந்த ஒன்பது சுரத்துக்குத்தான் முடிகிறது. ஒட்டிய மந்திரத்துக்கு மாற்று மந்திரம்.

அடுத்து, கேட்பவர் காது. அசையும் பொருளின் ஒலி, கிட்ட வரும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் என்று டொப்ளர் 1842இல் சொன்னார். இதைச் சோதிக்க 1845இல் ஒல்லாந்தில் பைஸ் பலட் என்பவர் எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, காது பழகிய இசைக்காரரை ஓரத்தில் நிறுத்தினார். எங்களுக்கு ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. பாண் ஆட்டோ நிற்பதில்லை. மணிக்கு 15 கிலோமீற்றரில் அது நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்குவது, ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். படித்த காதுக்கும் இது கஷ்டம். உம்மாவோ அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, "வண்டி வாறல்ல, போகுது. ஓடு" என்பார். பைஸ் பலட்டுக்கு ஒரு ரயிலும் எக்காளக்காரரும் தேவைப்பட்டார்கள். உம்மாவுக்குத் துருவலையைக்கூட நிறுத்தத் தேவைப்படவில்லை.

உம்மாவின் காது இதோடு நிற்காது. எந்தப் பேக்கரி வண்டி, பற்றரி இறங்கிவிட்டதா, பெட்டியில் மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் பாட்டிலேயே தெரியுமாம். கடைசியதை நான் நம்பவில்லை. கேட்டபோது, விற்று முடியப்போகிற வண்டி வேகமாக ஓடும், ஆகவே பாட்டு ஓர் ஒழுங்கையில் அதிக நேரம் நிற்காது என்று விளக்கினார். அதற்குப் பிறகு நம்புகிறேன்.

இந்தப் பாட்டுக்குச் சட்டம் இல்லை. பாணுக்கு உண்டு: 2024 பெப்ரவரியிலிருந்து ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானி சொல்கிறது. முழுப் பாணில் 13.5 கிராம் குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சுரத்தில் எத்தனை குறையலாம் என்று எந்த வர்த்தமானியிலும் இல்லை. ஆனால் ஒழுங்கு இருக்கிறது. பாங்கு சொல்லத் தொடங்கியதும் காக்கா பாட்டை அணைத்துவிடுவார். நோன்பு மாதத்தில் காலைப் பாட்டே கிடையாது. அஸருக்குப் பிறகுதான் பேத்தோவன் ஊருக்குள் வருவார். 2022இல் எரிபொருள் இல்லாமல் போய், கியூஆர் முறை வந்து, ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று ஆனபோது, எத்தனையோ விடியல் வெறும் காகச் சத்தத்தோடு போனது. வண்டி வராத நாட்களிலும் உம்மா வழக்கமான நேரத்துக்குத் துருவலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

ஆய்வு நிறைவடைய ஒரு பரிசோதனை வேண்டும் அல்லவா? கல்முனை கேட்டிராத அந்த நடுப்பகுதி காதில் விழுந்தால் ஊர் என்ன செய்யும் என்று அறிய விரும்பினேன். ஒரு நாள் அஸருக்குப் பிறகு விறாந்தையில் கதிரையைப் போட்டு, கைபேசியை மகளின் ஒலிபெருக்கியோடு இணைத்து, முழுப் பாட்டையும் போட்டேன். முதல் ஒன்பது சுரம் முடிவதற்குள் எதிர்வீட்டுப் பொடியன் நூறு ரூபாய்த் தாளோடு கடப்படிக்கு வந்துவிட்டான். பக்கத்து வீட்டு ராத்தா தட்டோடு வந்தார். நடுப்பகுதி தொடங்கித் துள்ளியது. இருவரும் ஒழுங்கையின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள்.

"வண்டிக்கு என்னமோ ஆயிட்டு" என்றார் ராத்தா.

உம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் சில்லறை. என்னையும் கைபேசியையும் ஒரு முறை பார்த்தார்.

"இத நிப்பாட்டு மனே. உண்மையான வண்டி பின் ஒழுங்கையால போறது கேக்கல."

நிறுத்தினேன். பின் ஒழுங்கையிலிருந்து ப ம ப ம ப என்று கேட்டது, ஐந்தில் இரண்டு பங்கு இறங்கிய சுருதியில். பொடியன் ஓடினான், பிடிக்க முடியவில்லை. அன்று மூன்று வீட்டிலும் தேத்தண்ணிக்குக் கிறீம் கிறேக்கர்.