அரைப்பேர்

விடியற்காலையில் எழுந்து படிக்கும் உத்தம குணம் எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று பத்தொன்பது வயது வரையில் மனப்பூர்வமாக நம்பியிருந்தவன் நான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. இலங்கை மலையகத்து வட்டகொடையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லயத்தில், பனி இஸ்தோப்பு வரைக்கும் ஏறி வந்து நிற்கும் அந்த வேளையில், குப்பி விளக்கின் முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சரித்திரப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்த ஒரே பையன் நானே. வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, "படிக்கிற புள்ள" என்று தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதில் விழும்படியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் புகழில் ஒரு பங்கு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்குக்கும், இன்னொரு பங்கு அம்மாவின் கால் கட்டைவிரலுக்கும் சேர வேண்டியது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. சங்கு ஊதும். ஊதியும் எழாவிட்டால், ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் அம்மா, மாவு அப்பிய கைகளால் கம்பளியைத் தொட மனமில்லாமல், கட்டைவிரலால் அதன் நுனியைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுப்பாள். காம்பராவோ ஒன்றே ஒன்று. அவள் விளக்கேற்றினால் எனக்கும் வெளிச்சம், அவள் அடுப்பு மூட்டினால் எனக்கும் புகை. அந்தப் புகையில் தூங்குவதைக் காட்டிலும் அக்பர் சக்கரவர்த்தியின் வருவாய்த்துறைச் சீர்திருத்தங்களை வாசிப்பது சுலபமாக இருந்தது என்பதே உண்மை. அதை நான் வைராக்கியம் என்று எண்ணிக்கொண்டேன்.

இதற்கு ஊர்ப்பெருமையும் கொஞ்சம் தூபம் போட்டது. சி. வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டில் பிறந்தது வட்டகொடையைச் சேர்ந்த மடக்கொம்பரைத் தோட்டத்தில். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றத்துக்குப் போனவர். தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தியவர். அப்பேர்ப்பட்டவர் பிறந்த காற்றைச் சுவாசிக்கிறவனுக்குக் கல்வி தானாகவே வந்து சேரும் என்பது என் சித்தாந்தம். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலையில் விளையும் தேயிலைக்குத் தனி மணம் உண்டென்று ஸ்டோரில் சொல்லக் கேட்டிருந்தேன். கொழுந்துக்குள்ள யோகம் அதே மலையில் வளர்ந்த எனக்கு மட்டும் இல்லாமற் போகுமா என்பதுதான் என் வாதம். அந்தக் கொழுந்தைக் கிள்ளி, வாட்டி, அரைத்து, புளிக்கப்போட்டு, சுடச்சுட உலர்த்திய பிறகே அந்த மணம் வருகிறது என்ற பிற்பகுதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பேராதனைக்கு இடம் கிடைத்து, தகரப் பெட்டியுடன் வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேறிய அன்று, லயமே திரண்டு வந்து வழியனுப்பியது. ரயில் தலவாக்கலையைத் தாண்டி, சென்கிளேயர் அருவியை ஜன்னலில் ஒருதரம் காட்டி மறைத்து, கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, அந்தக் கும்மிருட்டில் நான் மூன்று சங்கல்பங்கள் செய்துகொண்டேன்: நாள்தோறும் நாலரை மணிக்கு எழுவது, அன்றன்றைய பாடத்தை அன்றன்றே படித்து முடிப்பது, முதல் வகுப்பில் தேறுவது. பாதையிலேயே மிக நீளமான சுரங்கம் அது. ஆயினும் நாலாவது சங்கல்பத்துக்கு இடம் கொடாமல் முடிந்துவிட்டது.

பேராதனையைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் அந்தானை மலை, இன்னொரு பக்கம் மகாவலி கங்கை, இடையிலே பூமரங்கள். 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகத்தை 1952 முதல் இங்கே குடியேற்றினார்கள். இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குரல் கொடுத்த பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரால் ஒரு விடுதி இருக்கிறது. எல்லாம் இருந்தன. ஒன்றே ஒன்றுதான் இல்லை: சங்கு.

முதல் நாள் காலையில் நான் கண்விழித்தபோது மணி ஒன்பதே கால். யாரும் கம்பளியை இழுக்கவில்லை. யாரும் "படிக்கிற புள்ள" என்றும் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் அனைவருமே அவரவர் ஊரில் படிக்கிற புள்ளைகளாக இருந்தவர்கள்.

உடனே ஒரு நேரசூசி தயாரித்தேன். கறுப்பு, நீலம், சிவப்பு என மூன்று மையில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நாலரை முதல் இரவு பத்து வரையிலான பொழுதைக் கால் கால் மணியாகக் கூறுபோட்டு, "சுய பரிசோதனை" என்பதற்கும் ஒரு கால் மணி ஒதுக்கி எழுதியது அது. அதை எழுதி முடிக்க இரண்டு நாட்கள் பிடித்தன. அந்த இரண்டு நாட்களும் படித்த திருப்தி எனக்கு இருந்தது. நேரசூசியைத் திங்கட்கிழமையன்றுதான் தொடங்க வேண்டும் என்பது ஒரு நியமம். செவ்வாயன்று தவறிவிட்டால் அந்த வாரம் தீட்டுப்பட்டதாகக் கொண்டு அடுத்த திங்களுக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த திங்கள் போயா விடுமுறையாக அமைந்துவிட்டால் அதற்கும் அடுத்த திங்கள். இவ்விதமாக முதல் வருஷத்தில் நான் பதினேழு நேரசூசிகள் எழுதினேன். அவற்றை இன்று எடுத்துப் பார்த்தால் எழுத்து வரவர அழகாகிக்கொண்டு போவது தெரிகிறது.

வெகுகாலம் சென்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை வாசிக்க நேர்ந்தது. ஒரு காரியம் தன்னிச்சையான பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றனவாம்; ஆளையும் காரியத்தையும் பொறுத்து அது 18 நாளாகவும் இருக்கலாம், 254 நாளாகவும் இருக்கலாமாம். இடையில் ஒருநாள் தவறிவிட்டால் குடி முழுகிப் போவதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. என் திங்கட்கிழமைச் சாஸ்திரம் அத்துடன் சரிந்தது. ஆனால் என்னை நிஜமாகவே கூச வைத்தது வேறொரு விஷயம்: அந்த ஆராய்ச்சியில் ஒவ்வொருவரும் தம் புதிய காரியத்தை, காலை உணவு முடிந்ததும் என்பதைப் போல, தினமும் தவறாமல் நிகழும் ஏதேனும் ஒன்றோடு முடிந்துகொண்டார்களாம். பத்து வருஷம் நான் படித்த படிப்பெல்லாம் ஸ்டோர்ச் சங்கோடு முடியப்பட்டிருந்தது. பெட்டியில் சட்டையை எடுத்து வைத்தேன், புத்தகத்தை எடுத்து வைத்தேன். முடிச்சை வட்டகொடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இனிக் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில், பரீட்சை நெருங்கும் காலத்தில், விஷயம் தெரிந்த ஒரு மாணவன் தெரியாதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்குக் "குப்பி" என்று பெயர். சிங்கள மாணவர்களும் தமிழ் மாணவர்களும் ஒரே சொல்லையே வழங்குகிறார்கள். குப்பி விளக்கிலிருந்து பிறந்த சொல் என்பார்கள். லயத்துக் குப்பியிலிருந்து தப்பித்து வந்தவன் மறுபடியும் குப்பியிலேயே விழுந்தேனே என்று எனக்கு ஒரே வியப்பு. பொருளியலுக்குக் குப்பி வைத்தவன் யாழ்ப்பாணத்து நண்பன். ரிக்கார்டோ 1817இல் எழுதிய ஒப்பீட்டு அனுகூலக் கோட்பாட்டை, இங்கிலாந்தின் துணியையும் போர்த்துக்கலின் திராட்சை மதுவையும் கரும்பலகையில் எழுதி, குழந்தைக்குச் சோறூட்டுவது போல அவன் விளக்கினான். நான் முன்வரிசையில் அமர்ந்து, சங்கீதக் கச்சேரி ரசிகனைப் போலத் தலையாட்டினேன். அவனுக்கு எவ்வளவு தெளிவாக விளங்கியிருந்ததோ அவ்வளவும் எனக்கே விளங்கிவிட்டது போன்ற ஓர் ஆனந்த அனுபவம். இடையிடையே, "இது எளிதுதானே" என்று பக்கத்திலிருந்தவனைத் தேற்றவும் செய்தேன்.

பரீட்சைக்கு முன்தினம் வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் படியேறிப் போய் ஒரு கற்பூரமும் கொளுத்திவிட்டு வந்தேன். முருகன் மேல் பழியில்லை. விடைத்தாளில் நான் துணியைப் போர்த்துக்கலிலிருந்தும் மதுவை இங்கிலாந்திலிருந்தும் ஏற்றுமதி செய்துவிட்டு, அதனால் இரு தேசங்களும் சுபிட்சம் அடைந்ததாக மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு வெளியே வந்து, "ஏ வரும்" என்று எல்லோரிடமும் சொன்னேன். குப்பி வைத்த நண்பனோ, "ஏதோ தப்பும் போலக் கிடக்கு" என்று முகம் வாடி நின்றான். அவனுக்கு நான் ஆறுதல் கூறினேன். பெறுபேறு வந்தபோது அவனுக்கு ஏ, எனக்கு ரிப்பீட்.

என்னைப் போன்றவர்களைப் பற்றி அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் என்னும் இருவர் 1999இல் எழுதியிருக்கிறார்கள். சோதனையில் கடைசிக் கால்பகுதியில் வந்த மாணவர்கள், நூறு படிகளில் 12ஆம் படியளவில் நின்றுகொண்டு, தாங்கள் 62ஆம் படியில் நிற்பதாக மதிப்பிட்டார்களாம். ஒரு விஷயத்தைச் செய்யத் தேவையான அறிவும், அதைச் செய்தோமா இல்லையா என்று கண்டுகொள்ளத் தேவையான அறிவும் ஒன்றேயாகையால், முன்னது இல்லாதவனுக்குப் பின்னதும் இருப்பதில்லை என்பது அவர்கள் கண்ட காரணம். அவர்கள் பேராதனைக்கு வந்திருந்தால் அத்தனை மாணவர்களைத் திரட்டும் சிரமம் இருந்திராது. நான் ஒருவனே போதும்.

ரிப்பீட் என்ற சொல் ஒரு மாதம் காதில் ரீங்கரித்தது. அந்த மாதத்தில் ஒருநாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் வேலைநாட்களைப் பதியும் செக்ரோல் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். "இன்னிக்கு மலையில நல்லா நின்னேன்" என்று யாரும் பேர் போடும் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. தராசு என்ன சொல்கிறதோ அதுதான். அதிலும் மழை நாளில் ஈரக் கொழுந்தானால், தண்ணீருக்கென்று நிறையில் கழித்துவிடுவார்கள். அம்மா பல தடவை அந்தக் கழிவைத் திட்டிக்கொண்டே வீடு வந்திருக்கிறாள். கழிப்பவர்களின் நியாயத்தை இங்கே நான் பேச வரவில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்ட சாத்திரம் அதுவே என்று பட்டது.

ஒரு கொப்பி வாங்கினேன். கோடு போட்டேன், இந்தத் தடவை ஒரே மையில். அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்திருந்தது ஏழு மணி நேரம். அதில் தேத்தண்ணீருக்குப் போனது, பென்சில் சீவியது, இரவல் புத்தகத்தின் ஓரங்களில் முன்னோர் எழுதி வைத்திருந்த காதல் குறிப்புகளை ஆராய்ந்தது, மேசையில் தலை வைத்துச் சிந்தித்தது ஆகிய தண்ணீரையெல்லாம் கழித்துப் பார்த்தால், மிச்சம் ஒரு மணி நாற்பது நிமிஷம். அன்றைக்கு அரைப்பேர் போட்டதே கணக்கப்பிள்ளையின் தாட்சண்யத்தால்தான். முதல் வாரத்தின் முடிவில் ஒரு முழுப்பேர், மூன்று அரைப்பேர், மற்ற மூன்று நாளும் வெற்று. ஆக மொத்தம் இரண்டரை. பத்தொன்பது வருஷம் என்னோடு ஒரே உடம்பில் குடியிருந்த ஆசாமியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகச் சந்தித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

கொப்பியின் பயன் அத்துடன் நிற்கவில்லை. ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் ஏறக்குறைய ஏழு நாளில் மறுபடியும் அந்த மலைக்கு வர வேண்டும். தாமதித்தால் கொழுந்து முற்றிப்போகும். பாடத்தையும் அப்படியே நாள் தவறாமல் திரும்பி வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து கிள்ளிப் பார்க்க வேண்டுமென்று எனக்குப் பட்டது. படித்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதை, அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னைத் தானே பரீட்சித்து, எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885இல் வெளியிட்டார். அதே 1885இல்தான் ரயில்பாதை எங்கள் ஊரைக் கடந்து நானுஓயாவை எட்டியது. ரயில் வட்டகொடைக்கு உடனே வந்துவிட்டது. எபிங்ஹவுஸ் வந்து சேரத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பெட்டியைக் குடைந்த அம்மாவின் கையில் அந்தக் கொப்பி அகப்பட்டது. அவள் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஆனால் பேர்க் கணக்கில் அவளை ஏமாற்றத் தோட்டத்தில் எவராலும் முடிந்ததில்லை.

"என்னா ராசா இது? யாரு செக்ரோலு?"

"என்னோடதும்மா. படிச்சதுக்கு நானே பேர் போட்டுக்கிட்டேன்."

விரல் விட்டு எண்ணினாள். "ஏழு நாளைக்கு ரெண்டரைப் பேரா? இன்னுமா ஒன்னய வேலையில வச்சிருக்காரு கணக்கப்புள்ள?"

"கணக்கப்புள்ளயும் நான்தாம்மா."

"அதான் வச்சிருக்காரு."

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கங்களில் வாரத்துக்கு நாலரை, ஐந்து என்று ஏறியிருந்தது. அதில் விரலை வைத்து, "தண்ணி கழிச்சதா, கழிக்காததா?" என்று கேட்டாள். கழித்தது என்றேன். கொப்பியை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு குழைக்கப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் சங்கு ஊதியது. அம்மா எழுந்தாள். நான் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். லீவு நாளுக்குப் பேர் கிடையாது.