முதலாளி வழங்கும் இலவசம்

அமெரிக்காவில் வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டை முதலாளியின் பெருந்தன்மை என்று நம்புவோர் பலர். கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனத்தின் 2024 கணக்குப்படி, குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் சராசரியாக 25,572 டாலர். அதில் தொழிலாளி கட்டுவது 6,296. மீதியை நிறுவனம் ‘தருகிறது’. ஆனால் ஓர் ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவைத்தான் எந்த நிறுவனமும் பார்க்கும். பிரீமியம் ஏறினால் சம்பள உயர்வு சுருங்கும் என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள். இங்கே கடையே பிள்ளையாருடையது. இந்த ஏற்பாடு வேரூன்றியது போர்க்காலத்தில்: 1942இல் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்ட அரசு காப்பீட்டை விட்டுவைத்தது. 1954 வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கையும் உறுதிசெய்தது. போர் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை.

தனியாளாக வாங்கினால் மட்டும் மலிவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014க்கு முன் பல மாநிலங்களில், ஏற்கெனவே நோய் இருந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கதவையே சாத்தின. கூட்டமாகச் சேர்ந்தால் ஆபத்து பரவலாகும், பேரமும் படியும் என்பது உண்மையே. ஆனால் கூட்டம் சேர்க்க அலுவலக வருகைப் பதிவேடுதான் வேண்டுமா? உடம்பு முடியாமல் வேலை போனால், காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதுவும் கூடவே கிளம்பிவிடுகிறது. கோப்ரா என்னும் சட்டத்தின்படி பொதுவாக 18 மாதம் வரை அதைத் தொடரலாம்; முழு பிரீமியத்தையும், நிர்வாகச் செலவுக்கென 2 சதவீதம் வரையும் வேலை இழந்தவரே கட்ட வேண்டும். ஆக, பரிசின் உண்மை விலை தெரிவது சம்பளம் நின்ற பிறகுதான். அதுவும் சேவைக் கட்டணத்தோடு.