சம்பளம் சொல்வார், காடு சொல்லார்

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் மேசைப்பணி பார்க்கும் நடுவயதினரை, ஆண் பெண் என்ற வேறுபாடு பாராமல், ஓரினமாகக் கொண்டு ஆராய இடமுண்டு. ஏனெனில் உடையிலும் உணவிலும் விடுமுறையிலும் இவர்களிடையே காணப்படும் ஒற்றுமை, ஒருவரை விவரித்தால் மற்ற அனைவரும் தம்மைத்தான் சொல்லிவிட்டார்கள் என்று மனம் வருந்தும் அளவுக்கு நெருக்கமானது. வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதால் ஆராய்ச்சியாளருக்கு அபாயம் எதுவுமில்லை. இவ்வினத்தின் தலையாய குணம் பகிர்வு. அதிகாரம், குழந்தை வளர்ப்பு, சலவை எந்திரம் என அனைத்தையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் ஸ்டாக்ஹோம் அலுவலர், ஒன்றே ஒன்றை மட்டும் யாரோடும் பகிர்ந்துகொள்வதில்லை. அதனைப் பற்றிய பேச்சு உரிய இடத்தில் வரும்.

இவரிடம் தொழில் என்னவென்று வினவுவோர் ஏமாற்றமடைவர். 'திட்டங்களோடு வேலை செய்கிறேன்' என்பது முதல் விடை. மேலும் துருவினால், 'பல திட்டங்களோடு' என்ற விளக்கம் கிடைக்கும். அவர் பெரிய பாலம் ஒன்றை வடிவமைத்தவராகவே இருக்கலாம், ஆனால் அதைத் தாமே சொல்வது தற்பெருமையாகிவிடும். இவ்வடக்கத்துக்கு யான்டெ விதி என்று பெயர். டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் குடியேறிய எழுத்தாளர் ஆக்செல் சான்டமூஸெ 1933-இல் வெளியிட்ட நாவலில், யான்டெ என்னும் கற்பனைச் சிற்றூருக்குப் பத்து விதிகளை வகுத்தார். பிறரைவிடத் தன்னை உயர்வாக எண்ணக்கூடாது என்பதே அவற்றின் சாரம். ஆசிரியர் அவற்றைக் கண்டனமாகத்தான் எழுதினார். ஸ்காண்டினேவிய மக்களோ அவற்றை ஒழுக்க நூலாக எடுத்துக்கொண்டவர்கள் போல் நடந்துகொள்கின்றனர். ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று நோபெல் பரிசுகள் வழங்கப்படும் நகரில் வாழ்ந்துகொண்டே, தம் பெயரைச் சொல்லி நான்கு பேர் கைதட்டினால் முகம் சிவந்து சன்னலுக்கு வெளியே பார்ப்பவர் இவர். பரிசு பெறுபவர் ஸ்காண்டினேவியராக இருக்கத் தேவையில்லை என்று ஆல்ஃபிரெட் நோபெல் உயிலில் எழுதிவைத்ததன் காரணம், இவரைக் கண்டவர்களுக்கு ஒருவாறு விளங்கும்.

மேலதிகாரியை இவர் வெறும் பெயர் சொல்லி, ஒருமையில் அழைப்பார். இவ்வழக்கம் தொன்மையானதன்று. 1960-களின் நடுப்பகுதி வரை, எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்து, 'பொறியாளர் காப்பி அருந்துகிறாரா?' என்று பட்டத்தோடு கேட்பதே மரியாதை எனப்பட்டது. பட்டம் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்குவதே பெரும்பாடு. 1967-இல் அந்நாட்டு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் ஒருமையிலேயே அழைக்கப்போவதாக அறிவிக்க, முன்பே பரவத் தொடங்கியிருந்த வழக்கம் நாடெங்கும் வேகம் பெற்றது. இன்று அரச குடும்பத்தாரைத் தவிர ஏறக்குறைய அனைவரும் ஒருமையில்தான் அழைக்கப்படுகின்றனர். ஸ்டாக்ஹோமின் கிஸ்டா பகுதிக்குக் கணினிப் பணிக்காக வந்து சேரும் தமிழ்ப் பொறியாளர் பழக்கதோஷத்தால் எழுந்து நின்று 'சார்' என்று அழைக்கும்போது, அந்த மேலதிகாரி தமக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பது இதனால்தான்.

அதிகாரம் இவ்வாறு பகிரப்பட்டுவிட்டமையால் ஆணையிட எவரும் எஞ்சுவதில்லை. எந்த முன்மொழிவையும் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொண்டுசென்று சம்மதம் பெறவேண்டும். இதனை 'நங்கூரமிடுதல்' என்பர். நங்கூரமிட்ட கப்பல் நகராது என்பதை இச்சொல்லை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் வாக்கெடுப்போ வாக்குவாதமோ நடப்பதில்லை. அனைவரும் தலையசைத்து, அடுத்த கூட்டத்தின் நாளை ஒருமனதாக முடிவு செய்வர்.

உண்மையான வேலை காப்பி இடைவேளையில் நடைபெறுகிறது. முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து காப்பியும் இனிப்பு ரொட்டியும் உண்ணும் இச்சடங்கின் பெயர் ஃபீகா. ரொட்டி பெரும்பாலும் இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டியதாக இருக்கும்; மாவில் ஏலக்காய் இடித்துச் சேர்க்கும் வழக்கமும் உண்டாதலால், தமிழர்கள் முதல் கடியிலேயே அதை உறவாகக் கொண்டாடிவிடுவர். வேலை மிகுதி என்று சொல்லி மேசையிலேயே இருந்துவிடுபவர் உழைப்பாளி என்று பாராட்டப்படுவதில்லை. அவருக்கு ஏதோ மனக்குறை என்று கவலைப்படுவார்கள். இத்தனைக்கும் 18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசு காப்பியைப் பலமுறை தடைசெய்திருக்கிறது. காப்பி நஞ்சு என்று மெய்ப்பிக்க விரும்பிய மூன்றாம் குஸ்தாவ் மன்னர், கைதிகள் இருவரில் ஒருவரைக் காப்பியும் மற்றவரைத் தேநீரும் நாள்தோறும் குடிக்கவைத்தார் என்றும், கண்காணித்த மருத்துவர்கள் முதலில் மாண்டனர், பின்னர் மன்னரே கொலையுண்டார், கைதிகளில் தேநீர் குடித்தவரே முந்திச் சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மன்னர் 1792-இல் சுடப்பட்டு இறந்தது வரலாறு. மற்றவை ஃபீகா மேசைக்கு உகந்தவை.

இல்லறத்திலும் பங்கீடு கறாரானது. பேறுகால விடுப்பைத் தாய்க்கு மட்டும் என்றில்லாமல் பெற்றோர் இருவருக்குமாக 1974-இல் மாற்றிய முதல் நாடு ஸ்வீடன். இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள்கள் உதவித்தொகையோடு கிடைக்கின்றன. அவற்றில் ஆளுக்கு 90 நாள்களை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே தள்ளுவண்டியோடு நண்பகலில் காப்பிக்கடையில் அமர்ந்திருக்கும் ஆடவரை வேலையிழந்தவர் என்று எண்ணி இரங்குவது பிழை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனி விடுப்பு. அதற்கு 'வாப்' என்று பெயர். குளிர் உச்சத்திலிருக்கும் பிப்ரவரியில் பாதி அலுவலகம் இவ்விடுப்பில் இருப்பதால், அம்மாதத்தையே 'வாப்ருவரி' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலுள்ள பொதுச் சலவையறையும் பங்கீட்டுக்குரியதே. அவரவர்க்குக் குறித்த நேரத்தில் துவைத்து, எந்திரத்தைத் துடைத்து, துணித்தூசியை எடுத்துவிட்டுப் போகவேண்டும். தவறினால் எவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மறுநாள் கதவில் கையொப்பமில்லாத சீட்டொன்று ஒட்டப்பட்டிருக்கும். நேரில் கண்டால் வணக்கம் சொல்லவும் கூசும் அண்டைவீட்டார் இத்தனை உணர்ச்சியோடு எழுதவல்லவர் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பிற நாடுகளில் மனைவியிடமும் மறைக்கப்படும் வருமானம் இங்கே பொதுச்சொத்து. அரசு ஆவணங்களை மக்கள் பார்வையிடும் உரிமை 1766-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்திலேயே வழங்கப்பட்டது. இன்று வரி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, இன்னாரின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பவர் தம் பெயரைச் சொல்லவேண்டியதுமில்லை.

பொழுதுபோக்கு என்பதை இவர் வேலையைவிடக் கடுமையாகச் செய்வார். 'ஸ்வீடிஷ் கிளாசிக்' என்றழைக்கப்படும் நால்வகைச் சோதனை இதற்குச் சான்று: சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு, வெட்டர்ன் ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குக் குறையாத மிதிவண்டிப் பயணம், வான்ஸ்புரோ ஊரின் குளிர்ந்த ஆற்றில் 3 கிலோமீட்டர் நீச்சல், ஸ்டாக்ஹோமை அடுத்த லிடிங்யோ தீவில் 30 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய நான்கையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிக்கவேண்டும். வாசாலொப்பெட் என்னும் அப்பனிச்சறுக்குப் பந்தயம், டென்மார்க் அரசரின் ஆட்களுக்குத் தப்பியோடிய குஸ்தாவ் வாசாவின் நினைவாக 1922 முதல் நடைபெறுவது. அவர் உயிருக்கு அஞ்சி ஓடினார். நம் அலுவலரை எவரும் துரத்துவதில்லை. வழியில் தரப்படும் அவுரிநெல்லிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே நள்ளிரவில் எழுந்து பயிற்சி செய்த காலங்களை நினைத்துப்பார்ப்பார். முடித்தபின் அலுவலகத்தில் அதைப் பற்றி வாய்திறவார். பதக்கம் மட்டும் மேசை விளக்கில் தற்செயலாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கோடையில், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில், தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பெடுக்கச் சட்டம் உரிமை தருகிறது. ஜூலையில் ஸ்டாக்ஹோமுக்கு அவசர மின்னஞ்சல் அனுப்புபவர், அவசரம் என்பதன் பொருளைப் புதிதாகக் கற்றுக்கொள்வார்.

விடுப்பின் கடைசி நாள்களிலும் அதைத் தொடரும் இலையுதிர்காலத்திலும்தான் இவருடைய உள்ளியல்பு வெளிப்படுகிறது. 'எல்லோர்க்கும் உரிய உரிமை' என்றொரு மரபு ஸ்வீடனில் உண்டு. 1994-இல் அரசமைப்பிலும் இடம்பெற்ற அதன்படி, எவருடைய காட்டிலும் எவரும் நடக்கலாம், ஓரிரவு கூடாரமடிக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். பறிக்கத்தக்கவற்றுள் முதன்மையானது கன்டரெல் என்னும் மஞ்சள் காளான். 'காட்டுத் தங்கம்' என்றே அதனைக் குறிப்பிடுவர். பெருங்காளான் ஒன்றுக்கு, இன்றைய அரச மரபைத் தொடங்கியவரும் பிரெஞ்சுத் தளபதியாக இருந்தவருமான கார்ல் யோஹான் மன்னரின் பெயர் வழங்குகிறது; அதை உண்ணும் பழக்கத்தை மக்களிடையே பரப்ப முயன்றவர் அவர். கன்டரெலுக்கோ அரசர் பரிந்துரை தேவைப்படவில்லை. வெண்ணெயில் வதக்கி ரொட்டியின்மேல் வைத்து உண்டவர் எவரும் மறப்பதில்லை. அது பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே இடத்தில் முளைப்பதால், இடம் தெரிந்தவருக்கு அது குடும்பச் சொத்து. சட்டப்படி எல்லோர்க்கும் உரிய அந்த இடம், நடைமுறைப்படி ஒருவருக்கும் சொல்லப்படுவதில்லை.

திங்கட்கிழமை ஃபீகாவுக்கு அலுவலர் கன்டரெல் அப்பம் கொண்டுவருவார். அனைவருக்கும் சமமாக வெட்டித் தருவார். எங்கே பறித்தது என்று கேட்டால் 'காட்டில்' என்பார். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு என்பதால் இவ்விடையில் பொய்யேதுமில்லை. உள்ளூர்க்காரர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். கிஸ்டாவின் தமிழ்ப் பொறியாளர் மட்டும், நண்பர்தானே என்ற உரிமையில், 'எந்தக் காடு?' என்று கேட்டுவிடுவார். மேசை முழுவதும் அமைதியாகும். ஒருவர் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அலுவலர் காரை ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, முதலில் எதிர்த்திசையில் சிறிது நடந்து, பின் புதருக்குள் புகுந்து தம் இடத்தை நோக்கிச் செல்வார். அங்கே, அதே பாசிமேட்டில், கூடையும் சிறுகத்தியுமாகத் தம் மேலதிகாரியே குனிந்திருக்கக் காண்பதும் உண்டு. காற்று வாங்க வந்ததாக ஒருவர் சொல்வார். தாமும் அதற்கே வந்ததாக மற்றவர் சொல்வார். இரண்டு கூடைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போகும். நங்கூரமிடுதலோ முன்கூட்டமோ இல்லாமல் இருவரும் அந்த நொடியிலேயே எட்டும் முடிவு, தாம் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை என்பது. அலுவலகத்தில் அத்தனை விரைவாக எடுக்கப்பட்ட முடிவு வேறெதுவும் இல்லையெனினும், திங்கட்கிழமைக் கூட்டக் குறிப்பில் அது இடம்பெறுவதில்லை.