அட்டை ராக்கெட் அண்ணாச்சி

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, கொல்லயில் வட்டாரத்தில் காணப்படுபவர் அட்டை ராக்கெட் அண்ணாச்சி. வீட்டில் தமிழ் பேசுவார், பள்ளிக்கூடத்து சாரிடம் மலையாளம். தச்சு, பெயின்டிங், ரப்பர் பால்வெட்டு என்று தொழில் எதுவாகவும் இருக்கும். பால்வெட்டுக்காரராக இருந்தால் முற்பகலிலேயே கை ஒழிந்துவிடுவதால் அட்டையில் ராக்கெட் செய்யும் கலை செழிக்க வாய்ப்பு அதிகம்.

இவர் இந்த மண்ணில் விளைந்ததில் வியப்பில்லை. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில். கேரள–தமிழ்நாடு எல்லைக்கு அந்தப் பக்கம், ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. இஸ்ரோ தலைவர்களில் சிவன் சரக்கல்விளைக்காரர், நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், மாதவன் நாயர் பிறந்தது குலசேகரத்தில். மூன்றுமே குமரி மாவட்டம். மூவரையும் "நம்ம பக்கத்து ஆளு" என்றுதான் அண்ணாச்சி சொல்வார். களியக்காவிளைச் சோதனைச்சாவடி இந்த உறவுக்குக் குறுக்கே நிற்பதில்லை. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது ஆலப்புழைக்காரரான சோமநாத்தின் காலத்தில் அல்லவா என்று யாராவது கேட்டால், பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

மழைதான் அவருடைய பரம எதிரி. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியான சாஸ்திரமேளாவும் அதை ஒட்டியே வரும். மழையும் அதே நாட்களுக்குத்தான் தேதி குறித்திருக்கும். மத்தியானம் இடி முழங்கினால் அட்டை நமத்துப்போகும். புவியீர்ப்பை வெல்வது இஸ்ரோவின் பாடு, ஈரத்தை வெல்வது இவர் பாடு. மைதா பசையில் துரிசு கலந்து காய்ச்சுவார். ரப்பர் தோட்டத்துக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கும்; கரப்பான் அண்டாது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. செய்வது இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட் மட்டுமே. பிஎஸ்எல்வியும் உயரத்தில் குறைந்ததல்ல, ஆனால் அதைப் பத்திரிகைகள் 'பாகுபலி' என்று எழுதவில்லை. அசல் 43.5 மீட்டர், பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 4 மீட்டர் 35 சென்டிமீட்டர். நடுவுடலின் விட்டம் 40 சென்டிமீட்டர், சுற்றளவு 126-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு சார்ட்டை நீளவாக்கில் ஒட்டினால் சுற்றி வந்து கொஞ்சம் மிஞ்சும். இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக விழுவதை விக்ரம் சாராபாய் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்பது அவர் வருத்தம்.

உள்ளே ஒன்றரை அடிக்கு ஒரு பிளைவுட் வளையம், வளையங்களைச் சேர்த்து நெடுக்கக் கமுகு வாரி, அதன்மேல் ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை. பெட்டி அட்டைக்குள் ஓடும் குழல்கள் ராக்கெட்டின் நெடுக்கில் இருந்தால்தான் அட்டை வழுவழுவென்று வளையும். குறுக்கே வைத்தால் மடங்கி முறியும். உதவிக்கு வந்த பையன் எப்போதும் குறுக்கேதான் வைப்பான். "லேய் மக்கா, அட்டைக்க நரம்பு பாத்து வளைல" என்பது இந்தக் கட்டத்தில் நாள் முழுக்கக் கேட்கும்.

தலைக்கூம்புக்கு வட்டத்தில் மூன்றிலொரு பங்கு போதும். 75 சென்டிமீட்டர் ஆரத்தில் 120 பாகை வெட்டிச் சுருட்டினால் அடி விட்டம் 50 வந்து, நடுவுடலைவிடப் பருத்த தலைப்பகுதிமேல் சரியாக உட்காரும். அசல் முகப்பு இப்படிக் கூராக இருக்காது, வளைந்து குவியும். அதைச் சுட்டிக்காட்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த வருடம் உள்ளே அனுமதி இல்லை.

கேள்விகளில் அவர் விரும்பி எதிர்பார்ப்பது ஒன்று உண்டு: "மாமா, இது மேல போவுமா?" பதில் தயார். "போற ராக்கெட்டு செய்யதுக்குத் தும்பாயில ஆளு உண்டு மக்ளே. விழாம நிக்கிற ராக்கெட்டு செய்யதுதான் பாடு." இதில் உண்மையும் இருக்கிறது. அசல் எல்விஎம்-3 ஏவுதளத்தில் நிற்பது இருபுறத்து எஸ்-200 பூஸ்டர்களை ஊன்றி. நடுவுடல் அவற்றுக்கிடையே தொங்கி, கிளம்பி ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்தே பற்றும். அண்ணாச்சியும் ரப்பர் மரச் சட்டங்களை இரண்டு பூஸ்டருக்குள்ளேதான் இறக்கியிருப்பார். அசலின் 640 டன் இந்த அளவுக்குச் சுருங்கினாலும் 640 கிலோ இருந்தாக வேண்டும். உள்ளே காற்று மட்டும் என்பதால் நாலு பேர் தூக்கிவிடலாம்.

தூக்குவது எளிது, கொண்டுபோவதுதான் திருவிழா. மினிவேனில் படுக்கவைத்து, கூம்பு பின்னால் நீட்ட, ஒருவர் அதைப் பிடித்தபடி ஓட வேண்டும். ஊரார் சிரித்தால், தும்பாவில் ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் கொண்டுபோன படத்தை நினைவூட்டுவார். ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றியதையும் சேர்த்துக்கொள்வார். அது வறுமையால் அல்ல, சோதனைக்கு உலோகம் இல்லாத மேடை வேண்டியதால் என்ற விளக்கமும் வரும். ஆனால் மினிவேன் இரும்பாயிற்றே என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

மேளா முடிந்த ராக்கெட் கிறிஸ்துமஸ்வரை வீட்டுத் திண்ணையை அடைத்துக்கொள்ளும். பிறகு குடிலுக்குப் பக்கத்தில் நிற்கும், அப்புறம் கோயில் ஊர்வலத்தில் வண்டியேறும். மாசிக்குள் அட்டை அடுப்புக்குப் போய்விடும். வீட்டம்மா அதில் கண்டிப்பானவர். பிளைவுட் வளையங்களை மட்டும் அண்ணாச்சி பரணில் ஒளித்துவைப்பார். அடுத்த வருடம் எல்லாரும் ககன்யான்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் இதே எல்விஎம்-3 உடல்தான். ஆள் தப்பிக்கும் கோபுரத்தை உச்சியில் வைத்தால் வேலை முடிந்தது. ரூபாய் மட்டும் முழு ராக்கெட்டுக்கு வாங்குவார், அதில் பாதி அட்வான்சாக.