மூன்றரை டன் மனிதர்

நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஏறி உட்காரும் ஏசி வண்டி. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற அப்படியொரு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தானே ஓட்டிப் போகிற மனிதர்கள் இங்கிலாந்தில் ஏராளம். அங்கே அதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். உள்ளே நடிகர் கிடையாது. ரிட்டயரான ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருப்பார்கள். பென்ஷனில் மொத்தமாகக் கைக்கு வந்த தொகையில் பெரும்பங்கைக் கொட்டி அவர் அதை வாங்கியிருப்பார். ஊர் ஊராகச் சுற்றலாம் என்று மனைவியிடம் சொல்லித்தான் வாங்கினார். வாங்கி ஒரு மாதத்துக்குள் அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் கணவர் வாங்கியது வண்டியை அல்ல, ஓர் எண்ணை. 3,500.

வண்டியின் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு இருக்கும். அதில் நான்கு வரி. ஆளும் சாமானும் தண்ணீரும் டீசலும் ஏறிய பிறகு வண்டி மொத்தம் எத்தனை கிலோ இருக்கலாம் என்பது முதல் வரி. பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் எவ்வளவு என்பது இரண்டாவது. முன் ஆக்சில் தாங்குவதும் பின் ஆக்சில் தாங்குவதும் மற்ற இரண்டு. நம் பெரியவருக்குத் தன் வண்டியின் நான்கு வரியும் மனப்பாடம். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கேம்ப்சைட்டில் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால், வந்தவர்கள் நாற்காலியை விரிக்கும் முன்பே இவர் போய் நிற்பார். வானிலை பற்றி ஒரு வாக்கியம். இங்கிலாந்தில் அது இல்லாமல் எதுவும் தொடங்காது. அப்புறம், "பானெட்டைக் கொஞ்சம் திறக்கிறீர்களா?"

வந்தவர்கள் இளம் ஜோடியாக இருந்தால் அடுத்த கேள்வி லைசென்ஸ் பற்றி. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ஏழரை டன் வரையான வண்டிகளை ஓட்டும் உரிமையையும் அரசாங்கம் கேட்காமலே கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்கு மூன்றரை டன்னோடு சரி. மேலே போக வேண்டுமென்றால் தனிப் பரீட்சை. "நான் 2011-ல் எடுத்தேன்" என்று அந்தப் பையன் சொன்னதும் பெரியவர் முகத்தில் ஒரு பரிவு வரும். அந்தப் பரிவுக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷமும் ஒளிந்திருக்கும். பையனுடைய தலைமுறைக்கு வீட்டுக் கடன் கிடைக்காது, பென்ஷனும் பழையபடி கிடைக்காது. ஏழரை டன்னும் கிடையாது என்பது இவருக்கு எதனாலோ நியாயமாகவே படுகிறது.

மூன்றரை டன் கேட்க நிறைய மாதிரி இருக்கும். கம்பெனி கொடுக்கும் பிரசுரத்தில் "புறப்படத் தயாரான நிலையில் 3,080 கிலோ" என்று போட்டிருப்பான். மீதி 420 கிலோ நம் இஷ்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரியவருக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு கணக்கு நோட்டைத் திறந்தார். வெயில் மறைப்பு, மேலே சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, டிவி ஆன்டெனா எல்லாம் வாங்கும்போது கடைக்காரர் பொருத்திக் கொடுத்தவை. அவற்றிலேயே நூறு கிலோவுக்கு மேல் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி நிரப்பினால் நூறு லிட்டர், அதாவது நூறு கிலோ. அந்தப் "புறப்படத் தயாரான நிலை"யில் டிரைவரும் அடக்கம். ஆனால் விதிப்படி ஒரு டிரைவர் என்றால் 75 கிலோ. நம் பெரியவர் 98. ஆக, வண்டியில் ஏறி உட்கார்ந்த உடனேயே அவர் 23 கிலோ அதிகச் சுமை ஏற்றிவிடுகிறார். இந்த வரி அவர் நோட்டில் இருக்கிறது. ஆனால் "இதர" என்ற தலைப்பின் கீழே, மிகச் சின்ன எழுத்தில்.

அன்று தொடங்கியது வீட்டில் கெடுபிடி. சமையலறைத் தராசு வண்டிக்குக் குடிபெயர்ந்தது. பீங்கான் தட்டுகள் போய் மெலமைன் தட்டுகள் வந்தன. வார்ப்பிரும்பு வாணலி வெளியே. மனைவியின் நாவல்களைக் கிண்டிலுக்குள் அடக்கச் சொன்னார். அந்த அம்மாள் இரண்டாம் உலகப்போர் பற்றிய அவருடைய தடித்தடி வரலாற்றுப் புத்தகங்களைக் காட்டினாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. தொட்டியில் ஒரு டீக்கு வேண்டிய தண்ணீரோடுதான் வண்டி கிளம்பும். கழிவறைத் தொட்டியைக் காலி செய்யாமல் அவர் சாவியைத் திருப்பியதில்லை. நாயைக் கூட நிறுத்துப் பார்த்தார். பிரான்ஸிலிருந்து திரும்பும்போது காலே துறைமுக நகரில் ஏற்றும் ஒயின் பெட்டிகள் மட்டும் எந்தத் தராசுக்கும் போவதில்லை. ஆறு புட்டி கொண்ட ஒரு பெட்டி ஏறக்குறைய எட்டு கிலோ. ஆறு பெட்டி வாங்குவார். "திரும்பி வரும்போது டீசல் குறைந்திருக்குமே" என்பது வாதம். துறைமுகத்துக்கு முன்னால் மலிவாக டீசல் கிடைத்ததென்று அங்கேதான் தொட்டியை நிரப்பியிருப்பார்.

வேடிக்கையாக இருந்தாலும் பயம் பொய்யில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி நிறுத்துப் பார்க்கும் அதிகாரிகள் உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் பத்து சதவீதத்துக்குள் என்றால் 100 பவுண்டு அபராதம், பதினைந்துக்குள் 200, அதற்கு மேல் 300. முப்பதைத் தாண்டினால் கோர்ட்டு. அதனால் வருஷம் ஒருமுறை எடைமேடைக்குப் போவார். ஜல்லி லாரிகளுக்கு நடுவே, ஜன்னலில் பூப்போட்ட திரை ஆட, நிற்கும் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். முதலில் முன் சக்கரம், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் என்று மூன்று சீட்டு வாங்குவார்.

அங்கேதான் அவருக்கு அடி விழுந்தது. மொத்தம் சரியாக இருந்தது, பின் ஆக்சில் மீறியிருந்தது. காரணம், வண்டியின் முதுகில் தொங்கிய இரண்டு மின்சார சைக்கிள்கள். சைக்கிளும் மாட்டும் தாங்கியும் சேர்த்து அறுபது கிலோதான். ஆனால் அது தொங்குவது பின் சக்கரத்துக்கும் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நாலு மீட்டர். எனவே பின் ஆக்சிலில் விழுவது 90 கிலோ, முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். முன்சக்கரம்தான் இழுக்கிற வண்டி என்பதால், மழை பெய்த புல்தரையில் அது நின்ற இடத்திலேயே சுழன்று, பின்னால் நிற்பவர் சட்டையெல்லாம் சேறாக்கும். தள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் பெரியவர் நெம்புகோல் தத்துவத்தைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பிறகு யாரும் தள்ள வருவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வண்டிக்காரர் காதில் ஒரு ரகசியம் போட்டார். தகட்டை மாற்றலாம்!

நம் பெரியவர் வண்டி பியட் டுகாட்டோ. தகட்டில் மொத்தம் 3,500. ஆனால் முன் ஆக்சில் 1,850 தாங்கும், பின் ஆக்சில் 2,000. கூட்டினால் 3,850. இதற்கென்றே இருக்கிற பொறியாளர்கள் இருநூறு முந்நூறு பவுண்டு வாங்கிக்கொண்டு, காகிதங்களைப் பார்த்து, புதுத் தகடு ஒன்றைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். பழைய தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பதிவுச் சான்றைத் திருத்த அனுப்ப வேண்டும். ஒரு போல்ட்டைக் கூட யாரும் தொட மாட்டார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது போல வண்டிக்கு 350 கிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் வரியில் இருந்தது. கனம் ஏற ஏற வரி ஏறும் என்றுதான் உலகம் நினைக்கும். ஜெர்மனியில் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு 200 கிலோவுக்கும் இத்தனை யூரோ என்று கணக்கு. பிரிட்டனில் மூன்றரை டன் வரையுள்ள மோட்டார்ஹோம், பெரிய எஞ்சின் என்றால், 2024 கட்டணப்படி வருஷத்துக்கு 345 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. மூன்றரை டன்னைத் தாண்டிப் பதிவானால் அது தனியார் கனரக வண்டி வகைக்குப் போய்விடும். அதற்கு வரி அப்போது 165. அதே வண்டி, அதே சக்கரம், அதே டீக்கெண்டி. காகிதத்தில் குண்டானால் 180 பவுண்டு லாபம். எந்த அதிகாரி எந்தக் காலத்தில் இப்படி எழுதி வைத்தாரோ, அவர் படத்தை மாட்டிக் கும்பிடலாம் என்று பெரியவருக்குத் தோன்றியது. இரண்டே வருஷத்தில் தகட்டுக் காசு திரும்பிவிடும்.

அந்தக் கோடையில் அவர் ஒரு வள்ளல். வாணலி திரும்பி வந்தது. நாவல்கள் வந்தன. பார்பெக்யூ அடுப்பு ஒன்று புதிதாகவே வந்தது. தகடு மாறியதால் வண்டி கூடுதலாக டீசல் குடிக்காது. இடம் கிடைத்ததென்று ஏற்றிய சாமானுக்குக் குடிக்கும். அதை அவர் நோட்டில் எழுதவில்லை.

செலவு வேறு வாசல் வழியாக வந்தது. முதலில் லண்டன், மகள் வீடு. அவருடையது யூரோ 5 என்ற பழைய மாசு விதிப்படி செய்த டீசல் வண்டி. மூன்றரை டன்னுக்குள் இருந்தபோது நகருக்குள் நுழைய மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்டு. தாண்டியதும் அவர் லாரிகளின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே நாளுக்கு 100. மகளை இரண்டு நாள் பார்த்ததில் ஒரு வருஷ வரி லாபம் காலி, மேலே இருபது பவுண்டு நஷ்டம். இப்போது மகள்தான் ரயிலேறி வந்து அவரைப் பார்க்கிறாள்.

பிரான்ஸில் சுங்கச்சாவடி மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டியை அடுத்த வகுப்பில் உட்கார்த்தி வைத்து வசூலிக்கிறது. நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. 2021 முதல் வண்டியின் இரு பக்கமும் பின்னாலும், டிரைவர் கண்ணுக்குப் படாத மூலைகளைக் காட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆஸ்திரியாவில் கார்கள் மாதிரி ஒரு சுங்க வில்லை ஒட்டிவிட்டுப் போக முடியாது. கண்ணாடியில் ஒரு பெட்டி வாங்கி மாட்டி, ஓடிய கிலோமீட்டருக்கெல்லாம் அழ வேண்டும். ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் அவர் முகம் சற்று நீண்டது.

சுவிட்சர்லாந்தில் மட்டும் அது மலர்ந்தது. அங்கே சிறிய வண்டிக்கு வருஷ வில்லை 40 பிராங்க். கனமான மோட்டார்ஹோமுக்கு நாளுக்கு 3.25 பிராங்க், குறைந்தது 25. பெரியவர் சாலையோரம் நிறுத்திக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு நாள் தங்கினால் 39 பிராங்க். ஒரு பிராங்க் லாபம்! பன்னிரண்டாம் நாள் மாலை, மனைவி ஏரிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். ஆல்ப்ஸ் மலை அடுத்த நாளும் அங்கேயேதான் இருக்கும், ஆனால் அதன் விலை 42.25 ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடி, எழுபது வயது வந்தது.

பிரிட்டனில் எழுபதில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு ஒரு கையெழுத்துப் போதும். அந்த ஏழரை டன் உரிமை வேண்டுமென்றால் டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். கண்பார்வைக்கு அளவுகோல் கடுமை, கட்டணம் நம் பையிலிருந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும். டாக்டர் எழுதிக் கொடுக்காவிட்டால் 3,850 என்று தகடு ஒட்டிய வண்டியைக் காலியாகக் கூட ஓட்டக் கூடாது. சட்டம் பார்ப்பது தகட்டைத்தான், வயிற்றையோ வாணலியையோ அல்ல. கேம்ப்சைட்டில் இந்த வயதுக்காரர்கள் கூடினால் அப்புறம் பேச்செல்லாம் கண்புரையும் சர்க்கரையும்தான். பலர் அதே பொறியாளருக்கு மறுபடியும் காசு கொடுத்து, வண்டியை 3,500-க்கே இறக்கிவிடுகிறார்கள். வரி மறுபடியும் பழைய உயரத்துக்கு ஏறிவிடும்.

நம் பெரியவருக்கு வலது கண் கொஞ்சம் ஒத்துழைக்கவில்லை. வண்டியை இறக்குவதா, டாக்டரைக் கெஞ்சுவதா என்று மூன்று பக்கத்துக்குக் கணக்குப் போட்டார். வாணலியை மறுபடியும் யார் வெளியே எடுப்பது என்ற கேள்வியில் அது நின்றுபோனது.

"எதுக்கு இத்தனை கணக்கு?" என்றாள் அம்மாள். "என் லைசென்ஸும் பழைய லைசென்ஸ்தானே. எனக்கு எழுபது ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு. சாவியைக் கொடுங்க."

இந்த யோசனை அவர் நோட்டில் எங்குமே இல்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தார். அன்றிரவு டிரைவர் மாறியதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்த உட்கார்ந்தார். மனைவி 62 கிலோ. டிரைவருக்கு விதி ஒதுக்குவது 75. ஆக 13 கிலோ மிச்சம். பேனா ஒரு கணம் துள்ளியது. ஆனால் விதி ஒதுக்குவது டிரைவருக்கு மட்டும். பக்கத்து சீட்டில் உட்காருகிற ஆள் முழுசாகச் சுமைக் கணக்கில் வருவார். 98-லிருந்து 13-ஐக் கழித்தால் 85. முன்பு எவ்வளவு என்று பழைய பக்கத்தைப் புரட்டினார். தன் அதிகப்படி 23, மனைவி 62. கூட்டினால் அதே 85. அப்படியானால் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று நோட்டை மூடப் போனார்.

"பட்டியலைச் சரியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாளே பேனாவை வாங்கி ஏற்றிய சாமான்கள் பக்கத்தில், பார்பெக்யூ அடுப்புக்கும் மடக்கு நாற்காலிக்கும் நடுவே ஒரு வரி சேர்த்தாள். கணவர், 1. எடை 98 கிலோ.